இரண்டு எழுத்துப் பித்தளை வில்லை

எவெலியோ நரான்ஹோ பேருந்து ஓட்டிய காலத்திலேயே திருப்பத்தில் வண்டியைத் திருப்பிவிட்டுத்தான் வழிப்பலகையைப் படிப்பார். ஓய்வு பெற்றதும் மெட்டல் டிடெக்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு, எரேதியா வட்டாரத்துப் பழைய காப்பித் தோட்ட வீடுகளில் அனுமதி கேட்டு மண்ணைத் தடவித் திரிந்தார்.

அன்று ஒரு பித்தளை வில்லை கிடைத்தது. கூடை நிறையக் காப்பிப் பழம் பறித்தவருக்கு, அந்தக் காலத்து முதலாளி தன் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்துக் கொடுத்த போலேத்தோ என்னும் கூலி வில்லை அது.

"பாரு, எஸ், என்! சலுஸ்தியோ நரான்ஹோ! எங்க கொள்ளுத்தாத்தா தோட்டம் வச்சிருந்தாருன்னா நீ நம்புனியா?" என்று அடுக்களை மேசையில் வைத்தார்.

எதிரே இருந்த மனைவி ஒதிலியா எட்டிப் பார்த்தாள். "எனக்கு என், எஸ்னுல்ல தெரியுது! எங்க கொள்ளுத்தாத்தா நிக்கனோர் சோலிஸ்."

அந்த இரண்டு எழுத்துகளும் தலைகீழாகத் திருப்பினாலும் அப்படியேதான் தெரியும், வரிசைதான் மாறும். எந்தப் பக்கம் மேலே? எவெலியோ திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஒதிலியா கொண்டை ஊசியால் ஓரத்து மண்ணைக் குத்தினாள். ஒரு துளை திறந்தது.

"கோத்து மாட்டுற ஓட்டைங்க இது. அது மேலதான இருக்கும்?"

நூல் கோத்து ஆணியில் மாட்டினாள். வில்லை ஆடி நின்றது: என், எஸ்.

எவெலியோ முறைத்தார். "அப்போ எங்க சலுஸ்தியோ?"

"அவருதான் வெயில்ல பழம் பறிச்சு, இதை வாங்கி, போற வழியில தொலைச்சிருப்பாரு."