பென்சில் தேடும் நேரம்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு வெர்லீன் டேட்டம் பட்டியல் வாசிப்பாள். அமெரிக்காவின் டர்ஹம் நகரத்துக் கல்லூரி வளாகத்தில் இருக்கும் சின்ன வானொலி அது. ஆறு மணிக்குத் தொடங்கும் காஸ்பல் என்னும் பக்திப் பாட்டுகளுக்கு நடுவே, ஊர்ச் சபைகள் அனுப்பிய பெயர்கள் வரும்: உடம்புக்கு முடியாமல் படுத்திருப்பவர்கள், ஆராதனைக்கு வர முடியாமல் வீட்டோடு ஆகிவிட்டவர்கள். பெயர், தெரு, சபை என்று சொல்லிவிட்டு நிறுத்துவாள். கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களையும் ஒவ்வொன்றாகத் தொடுவாள். பிறகு அதே பெயரை மறுபடி சொல்வாள். அதற்குப் பிறகுதான் அடுத்த பெயர்.

பத்தொன்பது வருஷமாக இப்படித்தான். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அதற்கு முன்னால் இருபத்தேழு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் நின்றவள். தட்டு சரியாக நீளும்வரை கரண்டியைக் கவிழ்க்காத பழக்கம் மைக் முன்னாலும் கூடவே வந்துவிட்டது.

ஜனவரியில் ஒரு நாள், கணவர் ரஸ்கோவின் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது வலது கை சொன்னபடி கேட்கவில்லை. சின்னதாகத்தான் வந்தது பக்கவாதம். கை மூன்று வாரத்தில் திரும்பியது. நாக்கு முழுதாகத் திரும்பவில்லை. வார்த்தைகள் ஈரத் துணி மாதிரி கனத்து, ஒவ்வொன்றாக இறங்கின.

"கேக்கறவங்களுக்குத் தொண்டைக்கட்டுன்னு சொல்லு," என்றாள் ரஸ்கோவிடம்.

"தொண்டைக்கட்டு எத்தனை வாரம்மா இருக்கும்? போதகர் நேத்து என்னை ஒரு மாதிரி பாத்தாரு."

"பாத்தா பாக்கட்டும்."

அந்தப் பட்டியலில் ஏறின பெயர் இரண்டு வழியில்தான் இறங்கும். ஒன்று, ஆள் எழுந்து சபைக்கு வர வேண்டும். இன்னொன்று சாவு; அந்த அறிவிப்பையும் அவளே பலமுறை வாசித்திருக்கிறாள். தன் பெயரை வேறொருத்தி வாசிக்க, ஊரே காபி குடித்துக்கொண்டு கேட்பதா? அதைவிடத் தொண்டைக்கட்டே மேல்.

அவளுடைய நாற்காலியில் தற்காலிகமாக உட்கார்ந்தவள் வாஷ்டி கோர்ஹம். வேறு சபை. வெண்கல மணி போன்ற குரல். முப்பது வருஷம் நீதிமன்றத்தில் குமாஸ்தா. பாட்டுகளைப் பொறுக்கி எடுப்பதில் வெர்லீனாலும் குறை சொல்ல முடியவில்லை. பட்டியல் வந்தபோதுதான் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். இருபத்துமூன்று பெயர், ஒரே நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

"என்ன இது, வழக்குக்குக் கூப்பிடற மாதிரி!" என்றாள். "அடுத்தது தீர்ப்புதான் பாக்கி."

"நல்லாத்தானே வாசிக்கிறாங்க," என்றார் ரஸ்கோ.

"நீ எத்தனை பேரை எழுதின?"

"நான் எதுக்கு எழுதணும்?"

ஆனால் அவள் எழுதினாள். ஒவ்வொரு ஞாயிறும் பழைய சபைத் தாளின் பின்பக்கத்தில், திரும்பி வந்த கையால். எவ்வளவு விரட்டினாலும் பதினான்குக்கு மேல் பிடிக்க முடியவில்லை. மார்ச் கடைசியில், தொண்ணூறு வயது ஐடா பெட்டிஃபோர்டின் வீட்டுக்கு ரஸ்கோவை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னாள். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை அந்தச் சமையலறை மேடையில், பட்டியலைக் கேட்டு எழுதிக்கொண்டவர்கள் கொண்டுவந்த நாலு வீட்டுச் சாப்பாடாவது நிற்கும். அன்று ஒன்றுகூட இல்லையாம். "என் பேரு வாசிச்சாங்களா என்ன?" என்று கிழவி கேட்டாளாம்.

அந்த வாரமே வானொலியின் பொறுப்பாளர் ஹோசியா பெல்ச்சர் தொலைபேசியில் கூப்பிட்டார். ஞாயிறு பத்து மணிக்கு ஊர்க்காரர்களோடு அரை மணி நேரப் பேச்சு, அதற்குப் பின் மத்தியானம்வரை ஜாஸ், இரண்டையும் நடத்துபவர் அவர்தான். வழக்கம்போல ரஸ்கோதான் எடுத்தார்.

"அண்ணே, புது அட்டவணை திங்கள்கிழமை அச்சுக்குப் போகுது. அக்கா வருவாங்களா மாட்டாங்களா, ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. இல்லன்னா வாஷ்டி பேரையே போட்டுடறேன்."

வெர்லீன் கையசைத்தாள். இல்லை என்றா, பிறகு என்றா என்று ரஸ்கோவுக்கே விளங்கவில்லை.

குருத்தோலை ஞாயிறு வந்தது. சபை வாசலில் ஆட்களை வரவேற்று உட்காரவைக்கும் முறை ரஸ்கோவுக்கு. வெள்ளைக் கையுறையைத் தேடிக்கொண்டிருந்தார். வானொலியில் ஹோசியா, "ஞாயிற்றுக்கிழமை காலையில உங்களுக்கு என்ன வேணும், என்ன வேணாம்? பேசுங்க," என்று தொலைபேசி வழியைத் திறந்துவிட்டார்.

ஒருவர் பழைய நால்வர் குழுப் பாட்டுகள் கூடுதலாக வேண்டும் என்றார். ஒரு பெண், ஜாஸை அரை மணி முன்னதாகத் தொடங்கினால் கோழி பொரிக்கும்போதே கேட்கலாம் என்றாள். மூன்றாவதாக வந்த ஆள், "அந்தப் பட்டியல் எதுக்குங்க? கம்ப்யூட்டர்ல போட்டுட்டா வேணுங்கறவங்க பாத்துக்குவாங்க. யாரு கேக்கறா அதை?" என்றான்.

"அதையும் யோசிக்கலாம்," என்றார் ஹோசியா.

வெர்லீன் எழுந்து போய் எண்ணை அழுத்தினாள். பத்தொன்பது வருஷமாக அவளே ஊருக்குச் சொன்ன எண்.

"வணக்கம். யாரு பேசறது?"

ரஸ்கோ ஒரு கையுறையோடு வாசற்படியில் உறைந்துபோனார்.

"கேக்கறவங்க இருக்காங்க," என்றாள் மெதுவாக. "முதல்ல பென்சில் தேடணும். அப்புறம் கண்ணாடி. தாளைத் திருப்பணும். அதுக்குள்ள... நாலு பேரு போயிட்டாங்க."

அடுப்பில் கொதிக்கும் தண்ணீரின் சத்தம் அவளுக்குக் கேட்டது.

"வெர்லீன் அக்கா?" என்றார் ஹோசியா.

நிலையத்தில் இன்னும் உட்கார்ந்திருந்த வாஷ்டியின் குரல் குறுக்கே வந்தது. "சிஸ்டர் டேட்டம், தொண்டைக்கட்டுன்னு சொன்னாங்க?"

"தொண்டைக்கட்டு இல்ல. ஸ்ட்ரோக். ஜனவரியில."

"ஜனவரியிலயா! அப்ப என் பட்டியல்ல உங்க பேரு ஏன் இல்ல?"

"உங்க பட்டியல்ல இருந்து... யாருக்கு என்ன பிரயோஜனம்? நான் எழுதறதுக்குள்ள... நீங்க இருபதாவது பேருக்குப் போயிடறீங்க."

ஹோசியா வாய்விட்டுச் சிரித்தார். வாஷ்டி சிரிக்கவில்லை. "சரி, சொல்லுங்க. பேரு, தெரு, சபை."

"வெர்லீன் டேட்டம். பைன் மரத் தெரு."

"இருங்க, இருங்க." மேசையில் எதையோ தள்ளும் சத்தம். "பென்சில் தேடறேன்."

இந்த முறை வெர்லீனும் சிரித்துவிட்டாள். சிரிப்பு மட்டும் ஜனவரிக்கு முன்னால் இருந்த மாதிரியே இருந்தது.

பென்சில் கிடைத்ததும் வாஷ்டி சொன்னாள்: "இன்னிக்குப் பட்டியலை யாரும் எழுதியிருக்க மாட்டாங்க. நீங்க ஒரு தடவை வாசிச்சிடுங்களேன்."

"எங்கிட்ட பதினாலு பேருதான் இருக்கு."

"மிச்ச ஒம்பது எங்கிட்ட."

வெர்லீன் தன் தாளை எடுத்துக்கொண்டாள். ஐடா பெட்டிஃபோர்டில் தொடங்கினாள். பெயர், தெரு, சபை. விரல்களைத் தொட்டாள். மறுபடி பெயர். கனத்த நாக்கால் வேகமாகப் போயிருக்கவும் முடியாது. இந்த ஒரு வேலைக்கு வேகம் தேவையும் இல்லை. விட்ட பெயர்களை வாஷ்டி போட்டாள், முதல் இரண்டு வேகமாக, பிறகு நிதானமாக. இருபத்துநாலாவதாகத் தன் பெயரை வெர்லீனே வாசித்தாள். இரண்டு முறை.

ஜாஸ் அன்று பதினோரு நிமிஷம் தாமதமாகத் தொடங்கியது.

இரண்டு மணிக்குள் வெர்லீனின் சமையலறை மேடையில் இடமில்லை. மாக்கரோனி, கீரை, பன்றித் தொடை, இரண்டு தட்டு சர்க்கரைவள்ளிக்கிழங்கு இனிப்பு. ரஸ்கோ குளிர்பெட்டியைத் திறந்து நின்று அடுக்கத் தெரியாமல் விழித்தார். வாஷ்டி தொப்பியோடு வந்து உருளைக்கிழங்கு சாலட்டைக் கையில் கொடுத்துவிட்டு, உட்காராமலே போனாள்.

வெர்லீன் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். "ரஸ்கோ, இங்க வா. உலர்ந்த திராட்சை போட்டிருக்கா."

"உருளைக்கிழங்குலயா?"

"யாருகிட்டயும் சொல்லாத. பாவம், நல்ல மனசு." ஒரு கரண்டி எடுத்துத் தின்றாள். திராட்சையை மட்டும் ஓரமாக ஒதுக்கினாள்.

நாலு மணிக்குத் தொலைபேசி மணி அடித்தது. ரஸ்கோ எழுவதற்கு முன்னால் அவளே எடுத்தாள்.

"அக்கா, பாட்டு வாஷ்டி பாத்துக்கட்டும். பட்டியல் உங்க பேர்ல போட்டுடறேன். நேர்ல வந்துடறீங்களா?" என்றார் ஹோசியா. "பத்து நிமிஷம் ஒதுக்கினாப் போதுமா?"

வெர்லீன் விரல்களைத் தொட்டு யோசித்தாள்.

"பன்னெண்டு," என்றாள்.