அவன் எழுத்தில் ஒரு கல்வெட்டு

தமிழில் தட்டச்சு செய்து அச்சிடும் அந்தக் கணினி நிரலை எழுதியவன் அவன். யாழ்ப்பாணத்தில் ஒரே டியூட்டரியில், தனியார் வகுப்பு நிலையத்தில், நாங்கள் இருவரும் கணினி படிப்பித்தோம். நிரலை அவன் பூட்டி வைக்கவில்லை. வட்டு கொண்டுவந்து கேட்டவர்களுக்கு நிரலின் உள்ளே எழுதியிருந்த கட்டளைகளையும் சேர்த்தே பதிந்து கொடுத்தான். விரும்பியவர்கள் திருத்தட்டும் என்பான். திருத்தியதென்னவோ பெரும்பாலும் அவன்தான். எந்நேரமும் புதிதாக ஏதாவது சேர்ப்பான். சேர்த்ததில் பாதி உடையும்.

உடைந்ததற்குப் பதில் சொல்வது என் தலையில் விழுந்தது. அரியாலையில் ஓர் அச்சகம், குருநகரில் தேவாலய அலுவலகம், நெல்லியடியில் இன்னொரு டியூட்டரி என்று அதை நம்பியிருந்தார்கள். போரினால் மின்சாரம் இல்லாத காலம். மண்ணெண்ணெய் தேடி ஜெனரேற்றர் ஓட்டுகிறவர்களுக்குப் புதுமை எதற்கு? தொடங்கிய வேலை முடிந்தால் போதும். ஆகவே ஒரு பிரதியைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டேன். அதில் பிழைதிருத்தம் மட்டும் சேரும், அலங்காரம் சேராது. எல்லோரும் அதைப் ‘பழசு’ என்றார்கள், அவனுடையது ‘புதுசு’. புதுசில் அவன் ஒரு பிழையைத் திருத்தினால் அந்தத் துண்டை மட்டும் பிரித்தெடுத்துப் பழசில் சேர்ப்பேன். பிறகு ஒரு முழுக் கல்வெட்டை அடித்துப் பார்க்காமல் வெளியே விடமாட்டேன்.

கல்வெட்டு என்று நாங்கள் சொல்வது இறந்தவரின் வரலாறும் தேவாரங்களும் அடங்கிய சிறு புத்தகம். முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டிக்கு வருகிறவர்களின் கையில் கொடுப்பார்கள். அந்த நாள் தவறினால் அது வெறும் தாள். அந்த வருடங்களில் சோதித்துப் பார்க்கக் கல்வெட்டுக்குப் பஞ்சமிருக்கவில்லை.

“அக்கா, நீங்கள் கிழவியாத்தான் பிறந்தனீங்கள்,” என்பான்.

“நீ உடைக்கிறாய், நான் ஒட்டுறன். பேசாமல் இரு.”

கடைசியாக அவன் புதிய எழுத்துகளை வரைந்துகொண்டிருந்தான். ழகரத்தின் சுழியைப் பார்த்து எனக்கே பொறாமை வந்தது. ஆனால் அவற்றைச் சேர்த்த புதுசு சில வரிகள் அடித்ததும் உறைந்து நின்றுவிடும். அதைச் சரிசெய்வதற்குள், வேலைக்கு வரும் வழியில் ஷெல் விழுந்து அவன் செத்துப்போனான்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகு அவன் தாய் டியூட்டரிக்கு வந்தார்.

“பிள்ளை, அவன்ரை கல்வெட்டை அவன் செய்த புது எழுத்திலை அடிச்சுத் தாறியோ? கடைசியா அதைத்தான் கதைச்சுக்கொண்டு திரிஞ்சவன்.”

புதுசில் அடித்தால் நடுவில் நின்றுவிடும். அந்தியேட்டிக்குக் கல்வெட்டு இராது. பழசில் அடித்தால் நாள் தவறாது. அவன் எழுத்து இராது. “ஓம் அம்மா” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்று யோசித்தேன்.

அலங்காரம் சேராது என்ற என் சட்டத்தை நானே உடைத்து, அவன் எழுத்துகளை மட்டும் பெயர்த்துப் பழசில் வைத்தேன். பழசுக்கு எல்லா எழுத்தும் ஒரே அகலம். அவன் வரைந்ததோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு அகலம். வரிகள் தாளுக்கு வெளியே ஓடின. ஜெனரேற்றர் நின்றிருக்கும் நேரமெல்லாம் ஒவ்வோர் எழுத்தின் அகலத்தையும் கையால் கணக்கிட்டேன். அது ஓடும் கொஞ்ச நேரத்தில் அடித்துப் பார்த்தேன். அவனைத் திட்டினேன், வாய்விட்டே திட்டினேன். திட்டுவதற்கு ஆள் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்தியேட்டிக்கு முதல் நாள் முழுக் கல்வெட்டும் நிற்காமல் அடித்து முடிந்தது. அச்சுப்பொறியின் ரிபனைக் கழற்றிவிட்டு ஸ்டென்சிலில் அடித்ததை ரோனியோ என்ற நகலெடுக்கும் பொறியில் உருட்டி, கோடு போட்ட கொப்பித்தாளில் எடுத்தோம். ஒவ்வொரு வரியையும் மூன்று பேர் சரிபார்த்தோம். திருத்தமாகத்தான் வந்திருந்தது.

அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தாய் பக்கம் பக்கமாகத் தடவிப் பார்த்தார்.

“பிழை ஒண்டும் இல்லையோ?”

“ஒண்டும் இல்லை அம்மா. எல்லாம் பாத்திட்டம்.”

அவர் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

“ஒரு பிழையை விட்டிருக்கலாம், பிள்ளை. அவன்ரைதான் எண்டு தெரிஞ்சிருக்கும்.”