காற்றை அமுக்கித் தீ மூட்டியவள்

செந்தாமரை டீச்சரை யாராவது குறை சொன்னால் நான் சண்டைக்கே போய்விடுவேன். புதூர்நாட்டுப் பக்கம் சாமை விதைக்கிற சடையனுக்குப் பிறந்து, விடுதிச் சோறு தின்று படித்து, அதே மலைப் பள்ளிக்கு இயற்பியல் ஆசிரியையாக வந்தவள். பக்கத்து வகுப்பில் நான் கணக்கு எடுக்கிறேன். அன்றைக்கு மட்டும் அவளை ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது எனக்கு.

அறிவியல் கண்காட்சி. திருப்பத்தூரிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். செந்தாமரை கண்ணாடிக் குழாயின் அடியில் பஞ்சு வைத்து, மேலே பிஸ்டன் பொருத்தியிருந்தாள். தீக்குச்சி இல்லாமல், உள்ளேயிருக்கும் காற்றை அமுக்கியே பஞ்சைக் கொளுத்த வேண்டும். அதிகாரிக்குப் பிடித்தால் பிள்ளைகளை மாவட்டக் கண்காட்சிக்கு அனுப்புவார். அதற்காக அவள் சோறு தண்ணி மறந்து கிடந்தாள்.

மலைப்பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? அவர்கள் ஊரில் திருவிழா அடுப்பை வயதில் மூத்தவர்தான் முதலில் பற்றவைப்பார். கூட்டத்தில் நின்ற செந்தாமரையின் அப்பா சடையனைக் கீதாஞ்சலி என்ற மாணவி கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள்.

"பெரியவரு மொதல்ல பத்த வெக்கட்டும்!"

சடையன் செருப்பைக் கழற்றிவிட்டுக் குழாயைக் கும்பிட்டார். பள்ளிக்கூடத்துச் சாமான் உடைந்துவிடக் கூடாதே என்று பிஸ்டனை மெல்ல மெல்ல இறக்கினார். பஞ்சு அப்படியே கிடந்தது. மறுபடியும் அதே நிதானம். அதிகாரி சிரித்துவிட்டார்.

"இன்னாய்யா, கொழந்தைக்குப் பால் ஊட்றியா? யாரும்மா இவரு?"

"ஊர்க்காரருங்க சார்" என்றாள் செந்தாமரை.

அடிப்பாவி! அவர் யாரென்று தெரியாத பிள்ளை அங்கே ஒன்றுகூட இல்லை. சடையன் செருப்பை மாட்டிக்கொண்டு ஒதுங்கிக்கொண்டார்.

"மெதுவா அமுக்கினா சூடு கண்ணாடி வழியா வெளிய போயிடும் சார். கையை எடுத்தா காத்து கிட்டத்தட்ட பழைய நெலைக்கே வந்துடும். சட்டுனு அமுக்கினா சூடு வெளிய போக நேரமில்ல, பஞ்சு எரிஞ்சிடும். அப்புறம் இன்னா பண்ணாலும் திருப்ப முடியாது" என்று அதிகாரிக்கு விளக்கினாள் செந்தாமரை.

ஓங்கி அமுக்கினாள். பளிச்சென்று பற்றியது. கைதட்டல். அதிகாரி அங்கேயே தேர்வு செய்துவிட்டார்.

அவளோ பேயறைந்தவள்போல என்னிடம் வந்தாள். "வாய்ல எப்படி வந்துச்சின்னே தெரியலக்கா. வெக்கமா இருக்கு."

"எங்கிட்ட இன்னாத்துக்குடி சொல்ற? போய் அவராண்ட சொல்லு!" என்று விரட்டினேன்.

வாசலில் சடையன் ஊருக்குப் போகிற ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள். வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது.

அவர் அவளுக்குப் பின்னால் பார்த்தார். அதிகாரி வராந்தாவில் நின்றிருந்தார். சடையன் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டார். முகத்தில் துளிக் கோபமில்லை.

"போய்ட்டு வர்றேங்க, டீச்சர்" என்றார், அதிகாரிக்கும் கேட்கிற மாதிரி.