கொட்டகையை நகர்த்த யாருக்கு அதிகாரம்?

பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ் குமாஸ்தா வேலை என்பது, "இது எங்கள் ஆபீஸ் சமாச்சாரம் இல்லை" என்பதை எதிராளியின் மனம் நோகாமல் சொல்லி அனுப்புகிற வேலை. நீங்களும் ஏதாவது ஓர் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே கால் மாற்றிக் கால் மாற்றி நின்றவராகத்தான் இருப்பீர்கள். உங்களை அடுத்த ஆபீஸுக்குக் கைகாட்டிவிட்ட ஆசாமியின் முகத்தைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்கள். அது நான்தான், அல்லது என்னைப் போல ஒருவர். ஜில்லா போர்டைக் கலைத்துவிட்டு யூனியன்களைக் கொண்டுவந்த புதிதில், சிவகாசிப் பக்கம் அப்படி ஒரு ஜன்னலுக்கு உட்புறம் நான் உட்கார்ந்திருந்தேன்.

சுவரில் எழுதிய சர்க்கார்

புதுச் சட்டப்படி யாருக்கு என்ன அதிகாரம் என்பதை ஜனங்களுக்கு விளக்க வேண்டும் என்று மேலே இருந்து உத்தரவு வந்தது. ஆபீஸ் சுவரில் ஒரு படம் எழுதி வைத்தோம். உச்சியில் டெல்லி, அதற்குக் கீழே மெட்ராஸ், பிறகு ஜில்லா, தாலுகா, யூனியன், கடைசியில் தரையை ஒட்டினாற்போல் கிராமப் பஞ்சாயத்து. பஞ்சாயத்தை என் நாற்காலி மறைத்தது. அதைப் பற்றி யாரும் புகார் சொல்லவில்லை.

தாயில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், பெயர் வேண்டாம். அந்த ஊர்ப் பிரசிடெண்ட் சீனிச்சாமி, கரிசல் காட்டில் பருத்தி போடுகிற சம்சாரி. புதுச் சட்டத்தில் எலெக்‌ஷனுக்கு நின்று ஜெயித்தவர். நான் குச்சியை வைத்துக்கொண்டு டெல்லியிலிருந்து விளக்கிக்கொண்டு வந்ததை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னை எழுந்திருக்கச் சொல்லி, நாற்காலியை நகர்த்திவிட்டு, தன் பஞ்சாயத்தைக் குனிந்து பார்த்தார். "நம்மள அடியில போட்டிருக்கீக. மேல இருந்து யாரு என்னத்தக் கொட்டுனாலும் நம்ம தலையிலதான் விழும் போல."

டீச்சர் கேட்ட கேள்வி

அதே கிராமத்தில் எங்கள் யூனியன் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. ஓடு போட்ட கட்டடம். ஞானமணி டீச்சர் என்று ஒரு கிறிஸ்தவ அம்மாள்தான் மொத்தப் பள்ளிக்கூடமும். பள்ளிக்கூடம் வந்த பிறகு அதை ஒட்டி ஒரு பட்டாசுக் கம்பெனி வந்தது. கம்பெனியின் வெடிமருந்து கலக்கும் கொட்டகையும் திரி காயப்போடும் மேடையும் வகுப்பு ஜன்னலுக்கு நேர் எதிரே. நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற பாதைதான். வெயில் ஏறினால் பிள்ளைகள் கந்தக வாசத்தில் வாய்ப்பாடு சொல்லுவார்கள்.

டீச்சர் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக என் ஜன்னலுக்கு வந்தார். கொட்டகையையும் மேடையையும் தள்ளிக் கொண்டுபோக வேண்டும், பிள்ளைகளுக்கு ஏதாவது ஆவதற்குள் செய்ய வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. நியாயமான கோரிக்கை என்றேன். பள்ளிக்கூடம் எங்களுடையது, கொட்டகை எங்களுடையது இல்லை என்றும் சொன்னேன். அவர் சுவரில் இருந்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பள்ளிக்கூடம் ஒரு ஆபீஸு, கொட்டகை இன்னொரு ஆபீஸுன்னு சொல்றீக, சரி. தீப்பிடிச்சா எந்த ஆபீஸோட நிக்கணும்னு அதுகிட்ட யாரு சார் சொல்றது?"

கலெக்டர் இருந்த ஊர்

சீனிச்சாமியின் கடைசி மகள் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் ஒன்றாம் வகுப்பு. அதனால் அவர் டீச்சருக்காகக் கலெக்டரையே பார்த்துவிடுவது என்று கிளம்பினார். எங்கள் ஜில்லா ராமநாதபுரம் ஜில்லா. ரயில் ஏறி ராமநாதபுரம் போய் இறங்கி, கலெக்டர் ஆபீஸ் எங்கே என்று கேட்டிருக்கிறார். ராமநாதபுரம் ஜில்லாவுக்குக் கலெக்டர் ஆபீஸ் அப்போது மதுரையில் இருந்தது. மதுரை வேறு ஜில்லா. இது எங்கள் ஆபீஸில் எல்லாருக்கும் தெரியும். அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

மனிதர் விடாமல் அங்கிருந்து மதுரைக்குப் போனார். அங்கே மரியாதையாக உட்காரவைத்து விளக்கினார்களாம். மருந்து கொஞ்சமாக இருந்தால் ஜில்லா பார்க்கும், அளவுக்கு மேல் போனால் டெல்லி. வேலையாட்கள் விஷயம் மெட்ராஸ் இன்ஸ்பெக்டருக்கு. நிலம் தாலுகாவுக்கு. கட்டடம் உங்கள் பஞ்சாயத்துக்கே, ஆனால் மேலே சொன்னவர்களைக் கேட்காமல் தொடக்கூடாது. திரும்பி வந்தவரிடம் போன காரியம் என்ன ஆயிற்று என்று விசாரித்தேன். வருத்தமாகத் தெரியவில்லை, களைத்திருந்தார். "நம்ம கலெக்டருக்கே நம்ம ஜில்லாவுல இடம் இல்ல. அவரு போயி கொட்டகைக்கு எங்கன இடம் பாப்பாரு?"

மானேஜர்

கம்பெனி மானேஜர் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளிக்கூடத்துக்குச் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தவர், தீபாவளிக்குப் பிள்ளைகளுக்கு மத்தாப்பு கொடுத்தவர். ஒரு வேலையாக ஆபீஸுக்கு வந்தபோது இந்தப் பேச்சை எடுத்தேன். அவர் கோபப்படவில்லை. உண்மையாகவே யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். "எல்லா ஆபீஸும் லைசென்ஸ் குடுத்திருக்கு சார். நகத்துன்னு ஒரு ஆபீஸும் சொல்லலையே."

களத்துக்குப் போன பள்ளிக்கூடம்

டீச்சர் மேலும் சில மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு திங்கட்கிழமை காலையில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, கரும்பலகையைப் பெரிய பிள்ளைகளின் தலையில் ஏற்றி, ஊருக்குக் கிழக்கே சீனிச்சாமியின் களத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அறுவடை இல்லாத காலம். களத்தின் ஓரத்தில் பெரிய வேப்பமரம். பாடம் அங்கே நடந்தது.

அதுவரை காணாமல் போயிருந்த அதிகாரமெல்லாம் அந்த வாரமே திரும்பி வந்துவிட்டது. களத்தைப் பள்ளிக்கூடமாக்கியது ஏன் என்று தாலுகா கேட்டது. அனுமதி வாங்காமல் இடம் மாறியது ஏன் என்று கல்வி இலாகா கேட்டது. சர்க்கார் கட்டடத்தை அநாதையாக விட்டது ஏன் என்று கேட்டு எங்கள் யூனியன் அனுப்பிய நோட்டீஸை நான்தான் டைப் அடித்தேன். வேலை போகிற அளவுக்கான குற்றம். டீச்சர் வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு தாயார், வருமானம் இவர் சம்பளம் ஒன்றுதான். நோட்டீஸைக் கொடுக்கப் போனபோது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் வாங்கிப் படித்து மடித்து வைத்தார். "பரவால்ல சார். கொட்டகைய விசாரிக்கத்தான் ஆள் இல்ல, என்னைய விசாரிக்க இம்புட்டுப் பேரு இருக்கீகளே."

வரவேற்பு

விசாரணைக்கு எங்கள் யூனியன் கமிஷனர், தாலுகாவிலிருந்து ஒருவர், கல்வி இலாகாவிலிருந்து ஒருவர் என்று ஜீப்பில் போனார்கள். எழுதுவதற்கு நானும் போனேன். பள்ளிக்கூடம் என்று ரிக்கார்டில் இருப்பது பழைய கட்டடம்தான். அதனால் விசாரணையும் அங்கேதான். கூப்பிடுகிற வரை டீச்சர் களத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். இத்தனை அதிகாரிகள் அந்த ஊருக்கு வருவது அதுவே முதல் தடவை. சும்மா வரவேற்க முடியுமா? எங்கள் பக்கம் பிறந்தாலும் வெடி, செத்தாலும் வெடி, ஜெயித்தாலும் வெடி. மானேஜர் தன் கம்பெனியிலேயே ஸ்பெஷலாக ஒரு நீளச் சரம் கட்டச் சொல்லி, அதைப் பள்ளிக்கூட வாசலில் தொங்கவிட்டிருந்தார். கொட்டகை ஆபத்தானதா என்ற பேச்சில் ஆரம்பித்த விசாரணைக்குக் கொட்டகை எதிரிலேயே வெடி. வெடியோடு பிறந்து வளர்ந்த ஊரில் அது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் படவில்லை.

சீனிச்சாமி மாலையோடு நின்றார். கம்பெனி வேலையாட்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்க ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். அதுதான் அன்றைக்கு நாங்கள் செய்த புண்ணியம். சரம் பாதி வெடித்திருக்கும். ஒரு பொறி பறந்து, மேடையில் காய்ந்துகொண்டிருந்த திரியில் விழுந்தது. மேடை ஒரே மூச்சில் பற்றியதுமே கூட்டம் சிதறிவிட்டது. கொட்டகை போன சத்தத்தில் பள்ளிக்கூடத்து ஓடுகள் உள்ளே கொட்டின. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காருகிற மூலையில்தான் அதிகம் கொட்டியது. ஒருவருக்கும் ஒரு கீறல் கூட இல்லை. நாங்கள் ஓடினோம். எங்கே ஓடுகிறோம் என்று யோசிக்காமல் ஓடி, நின்றபோது வேப்பமரத்தடியில் நின்றோம்.

பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். சீனிச்சாமி மாலையைக் கீழே போட்டுவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டார், சத்தம் போட்டு அழுதார். கமிஷனர் மரத்து வேர் மேல் உட்கார்ந்தார், மற்ற இருவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். டீச்சர் பானையிலிருந்து ஆளுக்கு ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தார். அவர்கள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, நிதானமாகக் கேட்டார். "ஐயா, இங்கன வந்து உக்கார எந்த ஆபீஸுல அனுமதி வாங்கிட்டு வந்தீக?"

என் சர்வீஸில் நான் தெரிந்துகொண்டது இதுதான்: ஆபத்தை நகர்த்தும் அதிகாரத்தைத் தேடிப் போனால் அது எந்த ஊரிலும் இருக்காது, ஆபத்தை விட்டு நாமாக நகர்ந்துவிட்டால் அதே அதிகாரம் ஜீப் பிடித்து நம்மைத் தேடி வந்துவிடும்.