ஒன்பது ஏ, அதில் ஒன்று பி

நடந்தவை, வரிசைப்படி:

1. நான்காம் படிவத்தில் அறிவியல் பிரிவுக்குப் போனேன். பள்ளி முடிவில் எழுதும் எஸ்.பி.எம். அரசுத் தேர்வுக்கு ஒன்பது பாடங்கள். விரும்பினால் தமிழைப் பத்தாவதாக எடுக்கலாம். சனிக்கிழமைகளில் வந்து சொல்லித் தருவதாகத் தமிழாசிரியை சொன்னார்.

2. அம்மா வேண்டாம் என்றார். தமிழுக்கு ஏ வாங்குவது கஷ்டமாம். ஒரு பி விழுந்தால் மொத்த ரிசல்ட்டும் அசிங்கமாகிவிடுமாம்.

3. தமிழை விட்டேன்.

4. ரிசல்ட் வந்தது. எட்டு ஏ, ஒரு பி பிளஸ். பி பிளஸ் வந்தது நன்னெறிக் கல்வியில்.

5. பள்ளி மண்டபத்தை விட்டு வெளியே வருவதற்குள் அம்மா கிள்ளானில் இருக்கும் தன் தங்கைக்குப் போன் செய்து, "ஒம்போது ஏ" என்றார். நான் ரிசல்ட் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

6. அங்குள்ள கோயிலில் மாணவர்களுக்குப் பரிசு கொடுக்கிறார்கள் என்று சின்னம்மா என் பெயரை எழுதிக் கொடுத்தார். கோயிலில் ரிசல்ட் தாளின் நகல் கேட்டார்கள். எனக்குக் காய்ச்சல் என்று அம்மா சொல்லிவிட்டார். எனக்குக் காய்ச்சல் இல்லை.

7. அதன்பின் பத்து வருடம் யாரும் உண்மையைச் சொல்லவில்லை. நானும்தான்.

ஏழாவதற்கு அம்மாவைக் குறை சொல்ல முடியாது. அது என் கணக்கு.

நன்னெறிக் கல்வி எப்படிப்பட்ட பாடம் என்று படித்தவர்களுக்குத் தெரியும். நேர்மை, பொறுப்பு, நன்றியுணர்வு என்று ஒரு நீண்ட பட்டியல். ஒவ்வொன்றுக்கும் புத்தகத்தில் மலாயில் ஒரு விளக்கம். அதை ஒரு சொல் பிசகாமல் மனப்பாடம் செய்து எழுத வேண்டும். சோதனைத் தேர்வில் நான் புரிந்துகொண்டதை என் சொற்களில் எழுதினேன். "உன் கருத்த யார் கேட்டா?" என்று ஆசிரியர் விடைத்தாளைத் திருப்பிப் போட்டார். அந்தப் பாடத்தில் வந்த பி பிளஸை மறைப்பதற்குத்தான் எங்கள் வீட்டில் பத்து வருடம் பொய் சொன்னோம். இதை யாரிடமாவது சொன்னால் நான் இட்டுக்கட்டுகிறேன் என்று நினைப்பார்கள்.

இப்போது ரயில் சமிக்ஞைக் கருவிகளைப் பராமரிக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். ஒரு கருவி பழுதானால் எங்கே, எப்போது, கடைசியாகத் தொட்டது யார் என்று பதிவில் எழுத வேண்டும். தப்பாக எழுதினால், அடுத்து வருபவர் அதை நம்பி வேலை செய்துவிடுவார். வேலையில் சேர்ந்த முதல் வாரமே இதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்த தப்பான பதிவைப் பற்றி அப்போது நான் யோசிக்கவில்லை. சின்னம்மாவின் மகளிடமிருந்து வாட்ஸ்அப் வந்த பிறகுதான் யோசித்தேன்.

"அக்கா, தமிழ் எடுக்க அம்மா விட மாட்டேங்குறாங்க. நீங்க எடுக்காததாலதான் ஒம்போது ஏ வந்துச்சாம். திங்கக்கெழம ஃபாரம் குடுக்கணும். நீங்க சொன்னா கேப்பாங்க. சொல்லுங்க லா, ப்ளீஸ்."

அவள் பெரிய தமிழ்ப் புலவர் ஒன்றுமில்லை. தமிழ் வகுப்பு பிடிக்கும், அவ்வளவுதான். அங்கே மட்டும்தான் கேள்வி கேட்டால் டீச்சர் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை என்று ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறாள். வாரத்தில் நான்கு நாள் டியூஷன் போகும் பிள்ளைக்கு அது சின்ன விஷயம் இல்லை.

அந்தச் சனிக்கிழமை அம்மாவும் சின்னம்மாவும் ஒரு கல்யாணத்துக்குச் சேலை எடுக்க பிரிக்பீல்ட்ஸ் வந்தார்கள். அவளையும் இழுத்து வந்திருந்தார்கள். எனக்குக் காலை ஷிப்ட். முடித்துவிட்டு வாழையிலைச் சாப்பாட்டுக்கு அவர்களோடு சேர்ந்துகொண்டேன். கூட்டுக்கும் வறுவலுக்கும் நடுவில் அவள் பேச்சை எடுத்தாள். சின்னம்மா முடிக்க விடவில்லை.

"ஒனக்கு அக்கா மாதிரி வரணுமா, வேணாமா? அக்கா தமிழ் எடுத்தாளா? எடுக்கல. ஒம்போது ஏ. கத முடிஞ்சிச்சு."

"சின்னம்மா, எனக்கு எட்டு ஏதான்" என்றேன்.

அம்மா நிமிராமல், "சாப்புடு, சோறு ஆறுது" என்றார்.

"எட்டு ஏ. ஒரு பி பிளஸ்."

"வெளையாடாத லா" என்று சின்னம்மா சிரித்தார்.

நான் எல்லாத் தாள்களையும் போனில் படம் எடுத்து வைத்திருப்பவள். எடுத்துக் காட்டினேன். அவருடைய வலது கை முழுக்கக் குழம்பு. இடது கையால் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, ஒன்பது வரிகளையும் ஒவ்வொன்றாகப் படித்தார். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்கவில்லை.

"எதுல பி?"

"மோரல்."

"மோரலா! அதெல்லாம் ஒரு பாடமா? ஏன்க்கா, இதுக்கா பயந்தீங்க?" அம்மாவின் தோளில் முழங்கையால் இடித்தார். பிறகு ஏதோ தோன்றியதுபோல மகள் பக்கம் திரும்பினார். "ஆனா பாத்தியா? தமிழும் எடுத்திருந்தா அக்காவுக்கு ரெண்டு பி வந்திருக்கும். நல்ல வேள."

உண்மையைச் சொன்னால் என்னென்ன நடக்கும் என்று பத்து வருடமாக ஒரு பட்டியல் வைத்திருந்தேன். சத்தம் வரலாம். அழுகை வரலாம். பேச்சுவார்த்தை நின்றுபோகலாம். நான் சொன்ன உண்மையே சின்னம்மா பக்கத்துக்குச் சாட்சியாக மாறும் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. அப்பளத்தை நொறுக்கினேன். வேறு எதை நொறுக்குவது?

ஆனால் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. என்மேல் அல்ல.

"யாருக்கு ரெண்டு பி? மூணாம் படிவம் வரைக்கும் தமிழ்ல இவதான் ஃபர்ஸ்ட். எடுத்திருந்தா ஏ பிளஸ்தான் வந்திருக்கும். தெரியாம பேசாத."

"அப்பறம் ஏன் பெரியம்மா அக்காவ எடுக்க விடல?" என்று அவள் கேட்டாள். குத்திக் காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

பரிமாறுகிறவர் வாளியோடு வந்து, "ஆன்டி, சோறு?" என்றார். இரண்டாவது முறை சோறு வாங்காத அம்மா, "போடுங்க" என்றார். போட்ட சோற்றை அவர் தொடவில்லை.

ரசம் வரும்வரை சின்னம்மா யோசித்தார். பிறகு தீர்ப்பு சொன்னார்.

"சரி, எடுத்துத் தொல. ஆனா ஒன்னு. ஏ வந்தா பத்து ஏன்னு சொல்லுவோம். பி வந்திச்சின்னா நீ ஒம்போது பாடந்தான் எடுத்த. தமிழ் எடுத்ததே வெளிய தெரியக் கூடாது."

"சரிம்மா" என்றாள் அவள், அவர் வாயை மூடுவதற்குள்.

நான் வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் அவள் என் காலை ஓங்கி மிதித்தாள். மூடிக்கொண்டேன். தேர்வே இன்னும் எழுதவில்லை. அதற்குள் பொய் தயார். நாங்களாவது ரிசல்ட் வரும்வரை காத்திருந்தோம்.

ஸ்டேஷனுக்கு நடக்கும்போது அம்மா, "நாலு பேரு முன்னாடிதான் சொல்லணுமா?" என்றார்.

"மூணு பேர்தாம்மா இருந்தீங்க."

"அதுல நானும் ஒருத்தி."

ரயிலில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து வந்தோம்.

போன வாரம் கோயிலில், பழக்கமான ஓர் ஆன்டியிடம் அம்மா என்னைக் காட்டி, "எஸ்.பி.எம்.ல ஒம்போது ஏ" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "எட்டு, ஆன்டி" என்றேன். "அப்படியா? எதுல போச்சு?" என்றார் அந்த ஆன்டி, யாரோ இறந்துபோனதை விசாரிக்கும் குரலில். நான் பார்க்கும் வேலையைப் பற்றி அவர் கேட்கவில்லை.

இன்றைய நிலை இதுதான். அந்தத் திங்கட்கிழமையே சின்னம்மா படிவத்தில் கையெழுத்துப் போட்டார். சனிக்கிழமை தமிழ் வகுப்பு இருப்பதால் கெமிஸ்ட்ரி டியூஷனை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். அவளுக்கு ஒரு நாள்கூட ஓய்வு இல்லை. பத்துப் பாடம் எழுதப் போகிறாள். வீட்டில் ஒன்பதைத்தான் எண்ணுகிறார்கள்.