பன்னிரண்டு மணிக்கு விட்ட கயிறு

எங்கள் வீட்டுச் சுவரில் திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் ஒரு காலண்டர் தொங்கும். நான் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் கலாசியாக இருந்தபோது வட தேசத்துக் கப்பல்காரன் ஒருவன் கொடுத்தது. வருசம் முடிந்த பிறகும் அதை எடுத்துப் போட மனசு வரவில்லை. அதிலிருந்த படத்தில் முழங்கால் ஆழத்துக்கு வெள்ளை வெளேரென்று பனி. அதில் நின்றுகொண்டு இரண்டு பேர் ஒரு பெரிய மரத்தை ரம்பத்தால் அறுப்பார்கள்.

"இந்தக் குளிர்ல இன்னாத்துக்கு மரம் அறுக்கறானுங்க?" என்பாள் என் மனைவி.

"குளிருதுன்னுதான் அறுக்கறானுங்க" என்பேன்.

ராயபுரத்தில் எங்களுக்குத் தெரிந்த பனியெல்லாம் மார்கழியில் காலைப் பூசைக்குப் போகும்போது தலையில் துண்டைச் சுற்றிக்கொள்கிற பனிதான். எங்களுக்குச் சோதனை மழைதான். ஐப்பசி பிறந்துவிட்டால் விறகுத்தொட்டியில் சவுக்குக் கட்டையெல்லாம் ஊறிக் கிடக்கும். அதை வாங்கி வந்து ஊதாங்குழலால் ஊதி ஊதி, வீட்டில் எல்லாருக்கும் கண் சிவந்திருக்கும்.

அந்த வருசம் மழையோடு புயலும் வந்தது. இரண்டு நாள் கழித்துக் காற்று அடங்கியதும் கதவைத் திறந்து பார்த்தேன். வீட்டை ஒட்டி நின்ற பூவரச மரம் எங்கள் பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதன் அடியில் ஒரு பக்கத்து வேர் மண்ணைக் கிளப்பிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அந்த வருசம்தான் கீற்றைப் பிரித்து ஓடு போட்டிருந்தோம். மனைவிக்கு ஏழாம் மாசம். இன்னொரு காற்று அடித்தால் மரம் ஓட்டின் மேலேதான் படுக்கும். அன்றிரவு ஜெபமாலை சொல்லும்போது என் கண் மாதா படத்தில் நிற்கவில்லை, கூரைக்கே போய்க்கொண்டிருந்தது.

எதிர்வீட்டுக்காரர் துறைமுகத்தில் கயிறு சுற்றிச் சரக்குத் தூக்கும் விஞ்சு ஓட்டுகிறவர். முருக பக்தர், நெற்றியில் விபூதி இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. காலையில் வந்து வேரைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"நைனா, இது தானா வுழறதுக்குள்ள நாம்பளே வுழ வெச்சிடணும். வூட்டுப் பக்கம் இல்ல, அந்தப் பக்கம்" என்று, வலை காயப் போடும் மணல் திடலைக் காட்டினார்.

சனிக்கிழமை என்று முடிவு செய்தோம். ஞாயிற்றுக்கிழமை கோடாலி எடுப்பது பாவம். கடல் இன்னும் அடங்காததால் என் மச்சான்கள் நாலு பேரும் கரையில்தான் இருந்தார்கள். எல்லாரும் கட்டுமரம் ஏறுகிறவர்கள்; தோள் ஒவ்வொன்றும் உலக்கை மாதிரி இருக்கும்.

காலையில் ஒரு தூறல் போட்டதால் வேலை தொடங்கவே ஒன்பது மணி ஆகிவிட்டது. மனைவியை எதிர்வீட்டுக்கு அனுப்பினேன். அவள் வெறுங்கையோடு போகவில்லை. திரு இருதயப் படத்தைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். நான் காலண்டரைக் கழற்றி மரத்தடியில் சாய்த்து வைத்தேன். மச்சான்கள் சிரித்தார்கள்.

"இன்னா மாமா, மரத்துக்கு தேதி பாக்கறியா?"

"படத்தைப் பாருடா. மரம் எந்தப் பக்கம் வுழணுமோ அந்தப் பக்கம் வாய் பொளந்த மாதிரி வெட்டி வெச்சிக்கிறான். அப்பால பின்னாடியிலிருந்து ரம்பம் போடறான்."

அப்படியே செய்தோம். முதலில் வீட்டுப் பக்கம் நீண்டிருந்த கிளைகளைக் கழித்துப் பாரத்தைக் குறைத்தோம். பெரிய மச்சான் மேலே ஏறிக் கப்பல் கயிற்றைக் கட்டிவிட்டு வந்தான். கயிறு மரத்தைவிட நல்ல நீளம். திடலின் கோடியில், மாட்டுவண்டி சுவரில் இடிக்காமல் இருக்க ஒரு தண்டவாளத் துண்டை நட்டு வைத்திருந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் கயிற்றின் நுனியை அதில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். மூன்று மச்சான்கள் நடுவில் நின்று இழுக்க வேண்டும். இழுக்க இழுக்க வருகிற தொய்வை அவர் சுற்றி வாங்கிக்கொள்வார். நானும் பெரிய மச்சானும் ரம்பத்துக்கு.

"நாங்க வலை இழுக்கற ஆளுங்க, அண்ணாத்தே. மூணு பேர் கை இருக்கசொல்ல இந்த இரும்புக்கு இன்னா வேலை?" என்றான் சின்ன மச்சான்.

"உனுக்குத் தும்மல் வந்தா? இரும்புக்குத் தும்மல் வராது" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"சுத்தாம புடிச்சா சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று நானும் சேர்ந்துகொண்டேன். அவர் சுற்றை அவிழ்க்கவில்லை.

வாய்வெட்டு முடிந்தது. பின்பக்கம் ரம்பம் பாதிக்கு மேல் உள்ளே போனது. அறுப்பு மூடிக்கொள்ளாமல் இருக்க இரண்டு ஆப்பு அடித்தேன். மச்சான்கள் மூச்சுப் பிடித்து இழுக்க, சாய்ந்த மரம் மெல்ல நிமிர்ந்தது. இன்னும் நாலு விரற்கடை அறுத்தால் திடல் பக்கம் போய்விடும்.

அப்போது கோயில் மணி அடித்தது. மூன்று அடி, ஒரு நிறுத்தம், மறுபடி மூன்று அடி. மத்தியானத் திரிகால ஜெப மணி. அதற்கு மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்ல வேண்டும்.

எங்கள் தெருவில் பிறந்தவர்களுக்கு அந்த மணி காதில் விழுவதில்லை, கையில் விழும். மீன் அரிகிறவள் கத்தியைக் கீழே வைப்பாள், தண்ணீர் தூக்குகிறவன் குடத்தை இறக்குவான். மூன்று மச்சான்களும் கயிற்றை விட்டார்கள், தலைத்துண்டை அவிழ்த்தார்கள், சிலுவை போட்டார்கள். அவர்களை என்ன சொல்வது? நானும் ரம்பத்தை விட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டுதான் நின்றேன். கண்ணைக்கூட மூடியிருந்தேன்.

முதல் அருள் நிறைந்த மரியே முடிகிற நேரம், அடிமரத்தில் 'கிர்ர்' என்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தேன். ஓர் ஆப்பு என் காலடியில் கிடந்தது. ரம்பத்தை மரம் கடித்துக்கொண்டது. உச்சி மெதுவாக எங்கள் ஓட்டுப் பக்கம் திரும்பி, ஒரு முழம் வந்து, அங்கேயே நின்றது.

திடல் கோடியிலிருந்து எதிர்வீட்டுக்காரரின் குரல் வந்தது. அவர் கத்தவில்லை.

"நைனா, மரம் என் கையில கீது. இன்னும் எத்தினி பாக்கி?"

"ரெண்டு அருள் நிறைந்த" என்றான் சின்ன மச்சான், கேட்ட கேள்விக்கு ஒழுங்காக.

"அத்த அப்பால சொல்லிக்கலாம். மாதா கோச்சிக்க மாட்டாங்க. வந்து புடிங்கடா."

இரும்பில் போட்ட இரண்டு சுற்றும் அவருடைய இரண்டு கையும்தான் அவ்வளவு பெரிய மரத்தை நிறுத்தி வைத்திருந்தன. குதிகால் மணலில் புதைந்திருந்தது. மச்சான்கள் பாய்ந்து கயிற்றைப் பிடித்தார்கள். இழுத்தார்கள், அவர் வாங்கினார்; இழுத்தார்கள், வாங்கினார். மரம் நிமிர்ந்ததும் ரம்பம் தளர்ந்தது. ஆப்பை மறுபடி அடித்துவிட்டு, மிச்சத்தை நானும் பெரிய மச்சானும் அறுத்தோம். உள்ளே நரம்பு அறுகிற மாதிரி ஒரு சத்தம் வந்ததும், "ஓடுங்கடா" என்றேன். எல்லாரும் பக்கவாட்டில் ஓடினோம். பூவரசு மணல் திடலில், காட்டிய இடத்தில், பூவும் இலையுமாகப் படுத்தது. எங்கள் வீட்டில் ஓர் ஓடுகூட அசையவில்லை.

எதிர்வீட்டு வாசலிலிருந்து மனைவி வந்தாள். படம் இன்னும் அவள் மார்பில்தான் இருந்தது. மரத்தைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள்.

"பாக்கி ரெண்டையும் இப்ப சொல்லுங்க" என்றாள்.

ஐந்து ஆம்பிளைகளும் கிளைகளுக்கு நடுவே ஈர மணலில் முழங்காலிட்டோம். எதிர்வீட்டுக்காரர் விழுந்த மரத்தின் மேல் உட்கார்ந்து, தோல் உரிந்த உள்ளங்கையை வாயால் ஊதிக்கொண்டு, நாங்கள் முடிக்கும் வரை காத்திருந்தார். அவர் மனைவி மஞ்சளும் எண்ணெயும் குழைத்துக் கொண்டுவந்தாள். "ஏம்மே, மரத்தைப் புடிச்சேன்னு தெருவெல்லாம் சொல்லிடாத. நாளைக்கு எல்லா வூட்டு மரத்துக்கும் கூப்ட்டு அனுப்புவாங்க" என்றார்.

ஒரு வாரம் இரண்டு வீடுமாகக் கட்டை பிளந்தோம். அதை மண்மேல் போடாமல், கீழே செங்கல் வைத்துத் தாழ்வாரத்தில் அடுக்கினோம். பச்சைப் பூவரசு முதலில் நல்ல புகை விட்டது. காற்று உள்ளே போய் வர, கிறிஸ்மஸ் வருவதற்குள் ஒருவாறு காய்ந்துவிட்டது. எங்கள் வீட்டுக் கறிக்குழம்பும் தை பிறந்ததும் அவர்கள் வீட்டுப் பொங்கலும் ஒரே மரத்தில்தான் கொதித்தன. அந்தத் தையிலேயே எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த விடியற்காலையில், அதே கட்டையை வைத்துத்தான் அவள் முதல் குளியலுக்குத் தண்ணீர் காய்ச்சினோம். அவளுக்கு மேலே ஓடு முழுசாக இருந்தது. சர்வேசுரனுக்குத் தோத்திரம். எதிர்வீட்டுக் கைகளைக் கொடுத்தவரும் அவர்தானே.

கை ஆறிய பிறகும் அவர் என்னை விடவில்லை. பகலில் இரண்டு பேரும் வீட்டில் இருக்கும் நாளில் மத்தியான மணி அடித்தால் போதும், எதிர் வாசலிலிருந்து குரல் வரும்:

"நைனா, கையில கயிறு ஏதாச்சும் கீதா பாத்துக்க."

நான் ஒரு தடவை குனிந்து கையைப் பார்த்துக்கொள்வேன். அப்புறம்தான் சிலுவை போடுவேன்.