தூம்பாவில் படுத்த வெள்ளிக்கிழமை

பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குச் செத்துப்போய்ப் படுத்திருந்த நான், மூன்றேகாலுக்குச் சிரித்துவிட்டேன்...

எனக்கு உள்ளங்காலில் கூச்சம் அதிகம். ஜனமெல்லாம் வரிசையில் வந்து பாதத்தில் உதட்டை வைத்து முத்தி செய்தால் என்ன செய்வது? எட்டுப் பேர் வரை பல்லைக் கடித்தேன். ஒன்பதாவது ஆள் மீசைக்காரர்.

நல்லவேளை, முகத்தின் மேல் துணி போட்டிருந்தார்கள். "ஆண்டவரு விம்முதாரு பாருட்டீ" என்று ஒருத்தி அழ ஆரம்பித்தாள்.

அறுபதுகள்... பம்பாய். செம்பூரில் துறவறச் சகோதரர்கள் வீட்டில் எனக்கு ஒரு கட்டிலும் இரண்டு வேளைச் சாப்பாடும் கொடுத்திருந்தார்கள். அவர்கள் எழும்போது எழ வேண்டும், அவர்கள் ஜெபிக்கும்போது கொட்டாவி விடாமல் உட்கார வேண்டும். பகலில் குர்லாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை. மாலையில் தாராவித் தகரக்கூரைக் கோவிலில் இளைஞர் சங்கம். கேரம் போர்டு, பாட்டு, ஞாயிற்றுக்கிழமை வேதப்பாடம். எட்டாம் கிளாஸ் பெயிலான நான்தான் வாத்தியார்!

ஊரில் கோவிலுக்குக் கோவில் மரித்த ஆண்டவர் சுரூபம் இருக்கும். எங்களுக்கு இல்லை. அதனால் சங்கத்துப் பையன்களில் ஒருவன் ஆண்டவராகப் படுக்க வேண்டும் என்று முடிவானது. நான் ஒல்லி. சவரம் செய்யச் சோம்பேறி. வேறு தகுதி எதையும் யாரும் கேட்கவில்லை.

"தொம்மை, ஹில்னா நஹி" என்றார் கோவாக்காரரான பெரிய பிரதர். அசையக் கூடாது. மூச்சுகூட வெளியே தெரியக் கூடாது.

படுக்க வைத்தது தூம்பாவில். மூடியில்லாத மரப்பெட்டி, கோவிலுக்குப் பொது. யார் செத்தாலும் அதில் வைத்துத்தான் கல்லறைக்குச் சுமப்போம்.

இரண்டு மாதத்துக்கு முன் அதில் சூசை படுத்திருந்தான்.

சூசை என் கூட்டாளி. சங்கத்தில் நன்றாகப் பாடுவான். பிரதர்மாரோடு சேர்ந்து தானும் துறவியாகப் போவதாக ஒரு நாள் காலையில் வீட்டில் சொல்லியிருக்கிறான். ஒரே பிள்ளை. அவன் அம்மா ஞானம்மா, "அப்படிப் போறதுன்னா எம் மூஞ்சில முழிக்காத" என்று கத்தியிருக்கிறாள். அன்று சாயங்காலம் குர்லாவிலிருந்து செம்பூர் வரும் லோக்கல் ரயிலில் இருந்து விழுந்து போய்விட்டான்.

விழுந்தானா, குதித்தானா... அவர்கள் இருந்த சால் குடியிருப்பு முழுக்க அதே பேச்சு. ஞானம்மா சாப்பிடுவதில்லை. தற்கொலை என்றால் மோட்சம் கிடையாது, தன் வாயால்தான் பிள்ளை குதித்தான் என்று முடிவே கட்டிவிட்டாள். அதே வண்டியில் நான் இருந்தேன் என்று தெரிந்து என்னிடம் நாலைந்து தடவை வந்து கேட்டாள். "உள்ள கூட்டத்துல நின்னேன் பெரியம்மா, ஒண்ணும் பாக்கல" என்றே சொல்லிவந்தேன்.

பார்த்தேன்.

இப்போது தூம்பாவில் அதே பலகை. மேலே தகரம் கொதிக்கிறது, முதுகுக்குக் கீழே பலகை மட்டும் சில்லென்று இருக்கிறது... என் தோள் ஒரு பள்ளத்தில் அளவெடுத்த மாதிரிப் பொருந்தி உட்கார்ந்துவிட்டது. பெரிய வெள்ளிக்கு மணி அடிக்க மாட்டார்கள், மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். டக்-டக்... டக்-டக்... தண்டவாளத்தில் லோக்கல் போகும் அதே தாளம். கொஞ்ச நேரத்தில் கால் என் கால் மாதிரி இல்லை. முத்தி விழுவது தெரிகிறது, கூச்சம் இல்லை. சிரிப்பும் வரவில்லை.

வரிசை நின்றது. யாரோ தலைமாட்டுக்கு வந்தார்கள். துணிக்கு மேலே ஒரு நிழல் குனிந்தது.

"ஏ மக்கா..."

ஞானம்மா.

"அம்மா வந்திருக்கேம்யா. ஒன்னயப் பெட்டியில வச்ச அன்னிக்கு மூஞ்சியக் காட்டல. இன்னிக்காவது சொல்லு. நீயா குதிச்சே? அம்மை சொன்ன சொல்லுக்கா?"

ஆண்டவரிடம் பேசவில்லை. என்னிடமும் பேசவில்லை. விரலை அசைத்துப் பார்த்தேன்... சத்தியமாகச் சொல்கிறேன், அசையவில்லை.

அவள் என் வலது கையை எடுத்தாள். உள்ளங்கையைத் தன் கன்னத்தில் வைத்தாள். அப்படியே நின்றாள். மரக்கட்டைச் சத்தமும் நின்றது.

"வேர்த்திருக்கு" என்றாள் மெதுவாக. அப்புறம் சத்தமாக, "ஏட்டீ, எம் புள்ளைக்குக் கை வேர்த்திருக்குட்டீ! கம்பி வழுக்கிட்டு! அவன் குதிக்கல!"

"வா ஞானம்மா, வா" என்று பெண்கள் அவளை அணைத்துக் கூட்டிப்போனார்கள். அன்று சாயங்காலம் கஞ்சி குடித்தாளாம். ஈஸ்டர் முடிந்து தெருவில் என்னைப் பார்த்தபோது, "அவன் சொல்லிட்டாம்ல தொம்மை" என்று சிரித்தாள். நானும் தலையாட்டினேன். பெரிய வீரன்!

அந்த வருஷமே சகோதரர்கள் வீட்டிலிருந்து வந்துவிட்டேன். கல்யாணம், விக்ரோலியில் ரூம், பிள்ளைகள்... ஞானம்மா பத்துப் பன்னிரண்டு வருஷம் நிம்மதியாக இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். அவளையும் அதே தூம்பாவில்தான் சுமந்தோம். என் பக்கம் பிடி ஈரமாகிவிட்டது, இன்னொருத்தன் மாற்றிக்கொண்டான்.

இப்போது ஏசி லோக்கலில் கதவு தானாக மூடிக்கொள்கிறது. யாரும் தொங்க வேண்டியதில்லை. மகள் வாங்கிக் கொடுத்த போனில் விரல் வைத்தால் திறக்க வேண்டுமாம். என் விரலுக்கு அது திறப்பதில்லை. "அப்பா, கையைத் தொடைச்சிட்டு வைங்க" என்று சிரிக்கிறாள். துடைத்தாலும் ஊறுகிறது. நானும் கூடச் சிரிக்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஞானம்மாவின் கன்னத்தில் என் கை இருந்தபோது, துணிக்கு அடியில் தொண்டை வரை வந்து நின்றது இதுதான்:

பெரியம்மா, இது என் கை. எனக்குத்தான் வேர்க்கும், அவனுக்கு வேர்க்காது. வாசல்ல தொங்கினது நான். "ஏல, ஒன் கை வழுக்கும், நீ உள்ள போ"ன்னு என்னைத் தள்ளிவிட்டு அவன் என் இடத்துல நின்னான். லைன் ஓரத்துல அடுத்த கம்பம் அவனை அடிச்சிட்டு.